ஹோம்கமிங் எங்கே தொடங்கியது? பேலர் பல்கலைக்கழகத்தின் நூறாண்டுக் கதை

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். இலையுதிர் காலத்தில் ஹோம்கமிங் என்ற விழா நடக்கும், நீங்களும் வாருங்கள் என்கிறாள். பழைய மாணவர்கள் கூடும் விழாவில் நேற்றுச் சேர்ந்தவளுக்கு என்ன வேலை? இந்த வழக்கத்தை முதலில் தொடங்கியது யார்?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான விடையில்தான் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

"நாங்கள்தான் முதலில் தொடங்கினோம்" என்று சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். பேலர் 1909 என்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1910 என்கிறது. மிசௌரி பல்கலைக்கழகம் 1911 என்கிறது. ஆண்டை மட்டும் பார்த்தால் உங்கள் மகளின் பல்கலைக்கழகத்துக்கே வெற்றி. ஆனால் மற்ற இரண்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பேலர் 1909-இல் ஒரு முறை நடத்திவிட்டு அடுத்ததை 1915-இல்தான் நடத்தியது, ஆண்டுதோறும் நடத்தும் வழக்கத்தை நிறுவியது நாங்கள் என்று இல்லினாய் சொல்கிறது. வளாகத்து மைதானத்தில் பெரும் கால்பந்துப் போட்டியும் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அதற்காக நாடெங்குமிருந்து வரும் முன்னாள் மாணவர்களும் என்ற இன்றைய வடிவத்தைக் கொடுத்தது நாங்கள் என்று மிசௌரி சொல்கிறது. மூன்று கட்சிகளிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலிடம் யாருக்கு என்பதைவிட, மூன்று ஊர்களில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் ஒரே எண்ணம் ஏன் தோன்றியது என்பதே ஆராய வேண்டிய விஷயம்.

அதற்கு முன்பே இதன் விதை வேறொரு இடத்தில் விழுந்துவிட்டது. வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷைர் என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. இளைஞர்கள் பாஸ்டன் போன்ற நகரங்களுக்கும் மேற்கே புதிய நிலங்களுக்கும் போய்விட்டார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. மாநில ஆளுநராக இருந்த ஃபிராங்க் ராலின்ஸ், வெளியேறிப் போனவர்களையெல்லாம் ஒரு வாரம் ஊருக்கு வந்து போகும்படி 1899-இல் அழைத்தார். வந்தவர்கள் பழைய வீட்டைப் பார்ப்பார்கள், மனம் இளகும், தேவாலயத்துக்கோ நூலகத்துக்கோ ஏதாவது செய்வார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. அண்டை மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள், அவர்களை மறக்க முடியாத ஊர், இரண்டையும் சேர்க்க ஒரு திருவிழா என்ற மூன்றும் அங்கேயே வந்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் தங்களுக்கும் இதே நோய் இருக்கிறது என்பதைப் பத்தாண்டு கழித்துக் கண்டுகொண்டன.

ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் போன்ற பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர் கூடுகை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அது கோடையின் தொடக்கத்தில், பட்டமளிப்பை ஒட்டி நடப்பது. பிரின்ஸ்டனில் இன்றும் பட்டம் பெற்ற ஆண்டு வாரியாக ஊர்வலம் போகிறார்கள், கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அந்த நேரத்தில் கீழ்வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போயிருப்பார்கள். ஹோம்கமிங் செய்த ஒரே பெரிய மாற்றம், விழாவை இலையுதிர் காலத்துக்கு, கல்லூரி முழு வேகத்தில் நடக்கும் பருவத்துக்கு, நகர்த்தியது. அறுபது வயதுக்காரரும் பதினெட்டு வயதுக்காரரும் ஒரே நாளில் ஒரே திடலில் நிற்கும்படி ஆனது அதனால்தான். உங்கள் மகளுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு விடை இங்கேயே தொடங்குகிறது.

இனி பேலர். இது 1845-இல், டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோதே, பாப்டிஸ்ட் திருச்சபையினர் தொடங்கிய கல்வி நிலையம். தொடங்கிய இடம் வேக்கோ அல்ல. தென்கிழக்கே வெகுதூரத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர். ரயில் பாதை அந்த ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது, ஊர் தேய்ந்தது. 1886-இல் பேலரை வேக்கோ பல்கலைக்கழகத்தோடு இணைத்து வேக்கோவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். பழைய வளாகத்தில் இன்று எஞ்சியிருப்பது பெண்கள் கல்லூரிக் கட்டடத்தின் முகப்பில் நின்ற நான்கு தூண்கள் மட்டுமே.

பேலரின் கதையை எழுதுபவர்கள் பலர் இந்த இடமாற்றத்தையும் ஹோம்கமிங்கையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அவை ஒன்றோடொன்று பிணைந்தவையாகவே தெரிகின்றன. 1909-இல் அழைப்புப் பெற்றவர்களில் முதியவர்கள் படித்த வளாகம் வேக்கோவில் இல்லவே இல்லை. அவர்கள் உட்கார்ந்த வகுப்பறையும் தங்கிய விடுதியும் வேறோர் ஊரில் இடிந்து கிடந்தன. அவர்களை அழைத்து, "இதுவும் உங்கள் வீடுதான்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் பேலருக்கு இருந்தது. ஹார்வர்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வேரோடு பெயர்த்து நடப்பட்ட ஒரு நிறுவனம், தன் பழைய பிள்ளைகளைப் புதிய மண்ணோடு சேர்த்துக்கொள்ள எடுத்த முயற்சியாக அந்த முதல் விழாவைப் படித்தால் அதன் அவசரம் புரியும்.

முயற்சி எளிமையானது. பேராசிரியர்கள் மூவர் முன்னாள் மாணவர்களுக்கு அஞ்சலட்டை அனுப்பினார்கள். பழைய தோழர்கள் மறுபடி கைகுலுக்கிக்கொள்ளவும், நினைவுகளைப் பேசித் தீர்க்கவும், பேலரின் உணர்வை மீண்டும் ஒரு முறை பெறவும் வாருங்கள் என்பது அதன் சாரம். அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் சாமுவேல் பாமர் புரூக்ஸ். அவரே வேக்கோ வளாகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். 1902 முதல் 1931 வரை பேலரை நடத்தியவர். 1909 நவம்பர் 24, 25 ஆகிய நாள்களை விழாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது நாள் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் திருநாளின் விடுமுறை. ஊரிலிருந்து கிளம்பி ரயிலேறி வர அதைவிட வசதியான நாள் கிடையாது.

இசைக் கச்சேரி, வரவேற்பு, மேடைப் பேச்சு, இரவில் பெருந்தீ, மறுநாள் நகரத் தெருக்களில் ஊர்வலம், அதன் முடிவில் கால்பந்துப் போட்டி. இன்று நீங்கள் காணப்போகும் விழாவின் எலும்புக்கூடு முழுவதும் அந்த இரண்டு நாள்களிலேயே அமைந்துவிட்டது. இல்லாதது ஒன்று உண்டு: கரடி. பேலரின் சின்னமாகக் கரடியை மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது 1914 டிசம்பரில்தான். பச்சையும் பொன்னிறமும் மட்டும் 1897-லிருந்தே இருந்தன.

எதிரணி டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். இன்று அது ஃபோர்ட் வொர்த் நகரில் இருக்கிறது. அன்று அதுவும் வேக்கோவிலேயே இருந்தது. ஒரே ஊரின் இரண்டு கல்லூரிகள், ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மோதிக்கொள்ளும் பங்காளிகள். அந்த நாள் பேலர் 6-3 என்று வென்றது. நான்கு மாதம் கூட ஆகவில்லை, 1910 மார்ச் 22 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் தீயில் எரிந்து போனது. ஃபோர்ட் வொர்த் நகரம் நிலமும் பணமும் தந்து கூப்பிட, அவர்கள் வேக்கோவை விட்டே போய்விட்டார்கள். ஒரு கல்லூரி தன் வீட்டைக் கொண்டாடிய ஆண்டில் பக்கத்துக் கல்லூரி வீடிழந்தது. அக்காலத் தென்மேற்கு அமெரிக்காவில் கல்லூரிகள் எவ்வளவு நிலையற்றவையாக இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இல்லினாய் கதை வேறு மாதிரியானது. அங்கே யோசனை மாணவர்களுடையது. 1910-இல் கிளாரன்ஸ் வில்லியம்ஸ், எல்மர் எக்ப்லா என்ற இரண்டு இறுதியாண்டு மாணவர்கள், வளாகத்திலிருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் படியில் உட்கார்ந்து, போவதற்கு முன் கல்லூரிக்கு என்ன விட்டுப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது இது உதித்ததாகச் சொல்வார்கள். அந்த அக்டோபரிலேயே விழா நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தை 3-0 என்று தோற்கடித்தார்கள். எக்ப்லா பிறகு வடதுருவப் பகுதிக்குப் போன ஆய்வுக் குழுவில் அறிவியலாளராகச் சேர்ந்து கிரீன்லாந்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். வீட்டுக்குத் திரும்பும் விழாவைக் கண்டுபிடித்தவர் மனிதர் அருகிய பனிக்காட்டில் போய் மாட்டிக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மிசௌரியில் நடந்ததோ ஒரு விதிமுறை மாற்றத்தின் விளைவு. மிசௌரிக்கும் பக்கத்துக் கான்சஸுக்கும் உள்ள பகை கால்பந்தைவிடப் பழையது. அடிமை முறை வேண்டுமா கூடாதா என்று 1850-களில் எல்லையின் இருபுறமும் கொலைகள் விழுந்த பகை. இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் கான்சஸ் சிட்டி நகரில், பொது இடத்தில் விளையாடி வந்தன. போட்டிகள் கல்லூரி வளாகத்திலேயே நடக்க வேண்டும் என்று விதி வந்ததும், 1911-இல் போட்டி கொலம்பியா என்ற சிறு நகரத்துக்கு வந்தது. அவ்வளவு தூரம் கூட்டம் வருமா? விளையாட்டுத் துறை இயக்குநர் செஸ்டர் புரூவர், முன்னாள் மாணவர்களை "வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது. கான்சஸ் தரப்பில் லாரன்ஸ் நகரத் தெருவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி, தந்தியில் வரும் செய்தியைக் கொண்டு ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் பலகையில் காட்டக் கண்டு ஆரவாரித்தார்கள். வானொலி வருவதற்கு முன்பே நேரடி ஒலிபரப்பு!

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேலரில் ஆசிரியர்கள், இல்லினாயில் மாணவர்கள், மிசௌரியில் விளையாட்டு அதிகாரி. தொடங்கியவர்கள் வேறு, வாய்ப்பைத் தந்த சூழல் ஒன்று. ரயில் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது, முன்னாள் மாணவர்கள் சிதறிவிட்டார்கள், கால்பந்து பெருங்கூட்டத்தை இழுக்கும் ஆட்டமாகிவிட்டது, கல்லூரிகளுக்கு நன்கொடையாளர்கள் தேவைப்பட்டார்கள். நன்கொடையை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய பிள்ளை வந்து பார்த்து, அடுத்த பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1924-இல் இல்லினாய் தன் புதிய விளையாட்டரங்கத்தை அர்ப்பணித்தது ஹோம்கமிங் நாளில்தான். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக, மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தந்த பணத்தில் எழுந்தது அது. அன்று மிச்சிகனுக்கு எதிராக ரெட் கிரேஞ்ச் முதல் 12 நிமிடங்களுக்குள் நான்கு முறை பந்தை எல்லைக்குக் கொண்டுபோனார். அமெரிக்கக் கால்பந்தின் புராணங்களில் அதுவும் ஒன்று.

பேலருக்குத் திரும்புவோம், ஏனென்றால் பேலரின் ஹோம்கமிங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் இரண்டு நிகழ்ச்சிகள் மூன்றே மாத இடைவெளியில் நடந்தன. முதலாவதைப் பற்றி விழா மேடையில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.

1926 அக்டோபர் 30. ஹோம்கமிங் நாள். வேக்கோவின் காட்டன் பேலஸ் மைதானத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியோடு போட்டி. அது அன்று ராணுவப் பயிற்சி அளிக்கும் ஆண்கள் கல்லூரி. மாணவர்கள் சீருடையில் அணியணியாக வந்து உட்கார்வார்கள். இடைவேளையில் பேலர் மாணவியர் சிலர் ஏறிய வண்டி, பேலரின் முந்தைய வெற்றிகளின் புள்ளிக் கணக்கைப் பலகைகளில் தாங்கி, எதிரணி மாணவர்களின் முன்னால் ஓட்டிச் செல்லப்பட்டது. சிலர் எழுந்து வண்டியை நோக்கி ஓடினார்கள். ஒரு பெண் கீழே விழுந்து காயமடைந்தார். பேலர் மாணவர்கள் பாய்ந்தார்கள். நாற்காலிகளும் கட்டைகளும் பறந்தன. அந்தக் கைகலப்பில் தலையில் அடிபட்ட சார்லஸ் செசம்ஸ் என்ற ஏ அண்ட் எம் மாணவர் உயிர் பிழைக்கவில்லை. யார் அடித்தது என்பது நிரூபிக்கப்படவே இல்லை. ஏ அண்ட் எம் மாணவர்கள் பீரங்கியை ரயிலேற்றிக்கொண்டு வேக்கோவைத் தாக்கப் புறப்பட்டார்கள் என்று ஒரு கதை டெக்சாஸில் உலவுகிறது. கதையாகவே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்: இரு கல்லூரிகளும் விளையாட்டு உறவைத் துண்டித்துக்கொண்டன, 1931 வரை மோதவே இல்லை.

ஒரு விழாவில், விளையாட்டுக்காக, ஒரு பிள்ளை செத்துப்போனான். ஹோம்கமிங் வரலாற்றை எழுதும்போது இதை ஓரத்தில் தள்ளிவிடுவது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். கல்லூரிப் பற்று என்பது இளைஞர்களின் கையில் எரியும் பொருள். அதை மூட்டுகிறவர்களுக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டு.

இரண்டாவது நிகழ்ச்சியை உங்கள் மகள் ஏற்கெனவே கேட்டிருப்பாள். 1927 ஜனவரி 22, சனிக்கிழமை. பேலரின் கூடைப்பந்து அணி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு விளையாட ஆஸ்டின் நகருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. மழை நாள். ரவுண்ட் ராக் என்ற ஊரில் ரயில் பாதையைக் கடக்கும்போது 'சன்ஷைன் ஸ்பெஷல்' விரைவு ரயில் பஸ்ஸின் மீது மோதியது. ஆட்டக்காரர்களும் உடன் போனவர்களுமாகப் பத்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் கிளைட் கெல்லி கால்பந்து அணியின் அடுத்த தலைவராகத் தேர்வானவர். மோதுவதற்கு முந்தைய நொடியில் தன் நண்பர் வியர் வாஷமை ஜன்னல் வழியே வெளியே தள்ளிவிட்டார். வாஷம் பிழைத்தார்; கெல்லி பிழைக்கவில்லை. பிறகு, 1935-இல், அந்த இடத்தில் சாலையை ரயில் பாதைக்கு மேலே தூக்கிப் பாலம் கட்டினார்கள். 2017-இல் அந்தப் பாலத்துக்கு இறந்த பத்துப் பேரின் நினைவாகப் பெயரிட்டார்கள். பேலர் வளாகத்தில் 2007 முதல் அவர்களுக்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன.

அவர்களை 'அழியாப் பதின்மர்' என்று பேலர் அழைக்கிறது. சிலையோ பாலமோ இல்லாமல் போயிருந்தாலும் அவர்கள் மறக்கப்பட்டிருக்க மாட்டார்கள். காரணம், ஹோம்கமிங் வாரத்தின் வியாழக்கிழமை இரவில் நடக்கும் முதலாண்டு மாணவர் கூட்டம். அன்று மேடையில் பத்துப் பேரின் கதை முழுவதும் சொல்லப்படுகிறது, பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. கூச்சலும் கொண்டாட்டமுமாக இருக்க வேண்டிய வாரத்தின் தொடக்கத்தில், கல்லூரிக்கு வந்து சில வாரங்களே ஆன பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்து, அவர்கள் வயதிலேயே இறந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். பிறகு ஒரு சுடரை ஏற்றி அவர்கள் பொறுப்பில் விடுகிறார்கள். மறுநாள் இரவு பெருந்தீ மூட்டும்வரை அந்தச் சுடரைக் காப்பது முதலாண்டு மாணவர்களின் வேலை.

வெள்ளிக்கிழமை இரவில் விறகை மலையாகக் குவித்து மூட்டும் அந்தத் தீயைப் பார்க்கும் நம்மவர் எவருக்கும் கார்த்திகைச் சொக்கப்பனை நினைவுக்கு வராமல் போகாது. முற்காலத்தில் விறகுக் குவியலை எதிரணிக் கல்லூரிக்காரர்கள் முன்னதாகவே வந்து கொளுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் இரவுக் காவல் போட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்குத்தான் அந்தக் காவல். இப்போது கொளுத்த வருவார் யாரும் இல்லை. சுடர்க் காவல் மட்டும் தொடர்கிறது.

ஆக, பழைய மாணவர் விழாவில் புதியவளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அந்த வாரத்தின் முக்கியமான வேலையே அவளுடையதுதான். வந்துபோகிற முன்னாள் மாணவர்களுக்கு இது நினைவு. அவளுக்கு இது ஒப்படைப்பு.

புரூக்ஸ் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1931-இல் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தபோது, அந்த ஆண்டு பட்டம் பெறும் மாணவர்களுக்கு ஒரு செய்தியை எழுதி வைத்தார். பட்டமளிப்புக்கு முன்பே இறந்துவிட்டார். செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. பேலரைக் காக்கும் பொறுப்பை நேற்றைய, இன்றைய, நாளைய மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன், தீப்பந்தத்தை உங்கள் கையில் தருகிறேன் என்பது அதன் உள்ளடக்கம். அறங்காவலர்களிடம் ஒப்படைக்கிறேன் என்றோ திருச்சபையிடம் ஒப்படைக்கிறேன் என்றோ எழுதவில்லை. 1909-இன் அஞ்சலட்டைகளும் இதே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

பேலரும் ஊரும் பிணைந்திருப்பதற்கு வேக்கோ ஹால் என்ற அரங்கைச் சொல்ல வேண்டும். 1920-களின் இறுதியில் பேலரை டல்லாஸ் நகருக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. மறுபடியும் ஓர் இடமாற்றம்! வேக்கோ மக்கள் பணம் திரட்டிக் கொடுத்துப் பல்கலைக்கழகத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் 1930-இல் எழுந்த அரங்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். ஹோம்கமிங் வாரத்தின் 'பிக்ஸ்கின் ரெவ்யூ' என்ற ஆடல்பாடல் நிகழ்ச்சி அங்கேதான் நடக்கிறது. 1953-இல் மேரி மாத்திஸ் அம்மையார் மாணவர் குழுக்களுக்கான பாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். வசந்தத்தில் நடக்கும் அந்தப் போட்டியில் முன்னணியில் வந்த குழுக்கள், இலையுதிர் காலத்தில் விருந்தினர் முன் மறுபடி மேடையேறும் ஏற்பாடு 1958-இல் வந்தது.

மற்றப் பல்கலைக்கழகங்களில் ஹோம்கமிங் என்றால் நடன விருந்தும் சேர்ந்தே வரும். பேலரில் அது இல்லை. பாப்டிஸ்ட் ஒழுக்க விதிப்படி 1996 வரை வளாகத்தில் நடன விருந்துகளுக்கு அனுமதி கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரலில் முதன்முதலாகத் தெருவில் நடனம் ஆடியபோது நாடெங்கும் செய்தியானது. நடன மண்டபத்துக்குப் போக முடியாத உற்சாகமெல்லாம் வேக்கோ ஹால் மேடைக்குப் போய், இந்த நிகழ்ச்சியை இவ்வளவு பிரமாண்டமாக வளர்த்துவிட்டது என்பது என் ஊகம். விழா ஏற்பாடு முழுவதையும் கவனிப்பது 1919-இல் தொடங்கிய 'சேம்பர் ஆஃப் காமர்ஸ்' என்ற மாணவர் அமைப்பு. பெயர் வணிகர் சங்கம் போல இருந்தாலும், ஊர்வலத்தை ஒழுங்கு செய்வதும் பேலரின் சின்னமாக வளாகத்தில் வளரும் உயிருள்ள கரடிகளுக்குப் பாதுகாவலாக இருப்பதும் அவர்கள் பொறுப்பாகவே பல தலைமுறைகளாக இருந்துவந்தன.

இந்தக் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாமே பாதி உண்மையாகிவிடும். 1909-இல் "வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைப்புப் பெற்றவர்களில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பேலர் அவர்களைச் சேர்க்கவே இல்லை. அதே வேக்கோ நகரில், 1877 முதல், கறுப்பின மாணவர்களுக்கான பால் குவின் கல்லூரி இயங்கி வந்தது. ஊர்வலம் போன தெருக்களிலிருந்து வெகுதூரத்தில் அல்ல. ஆனால் வேறோர் உலகத்தில். பேலரின் அறங்காவலர்கள் அனைவரையும் சேர்ப்பதற்கு வாக்களித்தது 1963-இல். முதல் ஹோம்கமிங்குக்கும் அதற்கும் இடையில் 54 ஆண்டுகள். 1966-இல் ஜான் வெஸ்ட்புரூக் பேலர் அணிக்காகக் களமிறங்கி, தென்மேற்குக் கூட்டமைப்பு என்ற கல்லூரி விளையாட்டுக் குழுமத்தின் அணி ஒன்றுக்காக விளையாடிய முதல் கறுப்பினக் கால்பந்து வீரரானார். 1967-இல் ராபர்ட் கில்பர்ட், பார்பரா வாக்கர் இருவரும் முதல் கறுப்பினப் பட்டதாரிகளாக வெளியேறினார்கள். அவர்களுக்கு வளாகத்தில் சிலை எழுந்தது 2023-இல்தான்.

கதவு மூடியிருந்த அந்தப் பல பத்தாண்டுகளில் கறுப்பினக் கல்லூரிகள் தங்களுக்கென்று ஹோம்கமிங்கை வளர்த்தெடுத்தன. அதை நகல் என்று சொல்ல மாட்டேன். பாண்டு வாத்தியமும் அடிக்கு அடி பதில் சொல்லும் ஆட்டமும் குடும்பம் குடும்பமாகக் கூடும் திரளும் சேர்ந்து அது தனி மரபாகவே வளர்ந்தது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1966-இல் ராபின் கிரகரி என்ற மாணவி, தன் இயல்பான சுருள்முடியை நிமிர்த்தாமல் அப்படியே விட்டு, விழாவுக்காக மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் 'ஹோம்கமிங் அரசி' பட்டத்துக்குப் போட்டியிட்டு வென்றார். மேடை விளக்கு எரிந்ததும் முதலில் அவருடைய முடியின் நிழல் சுவரில் விழுந்தது, கூட்டம் எழுந்து முழங்கியது என்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் ஹோவர்டு மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். அழகிப் போட்டி போலத் தெரியும் ஒரு சடங்கு எவ்வளவு கனத்தைத் தாங்க முடியும் என்பதை அங்கே பார்க்கலாம்.

இன்றைய பேலர் வளாகத்தில் நிறத்தாலும் நாட்டாலும் பலதரப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தி. முதலாண்டு மாணவர்களுக்கான முகாமில் கலந்துகொண்டிருந்தால் இண்டிபெண்டன்ஸ் ஊரின் அந்த நான்கு தூண்களுக்கு இடையே நடந்து போயிருப்பாள், கேட்டுப் பாருங்கள். 1909-இல் வேக்கோவுக்கு வந்த முதியவர்கள் விட்டு வந்த இடம் அது.

போவதாக முடிவு செய்தால் சில நடைமுறைச் செய்திகள். விழா நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும், போட்டி அட்டவணையைப் பொறுத்தது. வியாழன் இரவுக் கூட்டம் முதலாண்டு மாணவர்களுக்கானது, பெற்றோர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மகளை மட்டும் தவறாமல் போகச் சொல்லுங்கள். வெள்ளி இரவுத் தீயை எல்லோரும் பார்க்கலாம். சனிக்கிழமை காலை ஊர்வலம் நகர மையத்திலிருந்து வளாகத்தை நோக்கி வரும். மாணவர் குழுக்கள் வாரக்கணக்கில் உழைத்துச் செய்த அலங்கார ஊர்திகளை அருகில் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் போய் ஓரத்தில் இடம் பிடிக்க வேண்டும். போட்டி இப்போது பிராசோஸ் ஆற்றங்கரையில் 2014-இல் திறந்த மக்லேன் அரங்கில் நடக்கிறது. அதற்கு டிக்கெட் கிடைப்பது பெரிய சிரமமாக இருக்காது. பிக்ஸ்கின் ரெவ்யூவுக்குத்தான் கடினம். வேக்கோ ஹாலில் இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள் மட்டுமே. முன்னாள் மாணவர்கள் முந்திக்கொள்வார்கள் என்பதால், விற்பனை எப்போது தொடங்குகிறது என்று மகளை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.